பச்சைப் புள்ளி சொன்ன பாடம்

மூன்றாமாண்டு மாணவர், இ.சி.இ.



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். நிலா, மழை, காதல், கண்ணீர் நான்கையும் நம் நண்பர்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார்களாம்! மிச்சம் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். ஒரு பச்சைப் புள்ளி. சட்டைப் பித்தான் அளவுகூட இல்லாத அந்தப் புள்ளி எங்கள் அக்காவின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. அந்தக் கதையை எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் ஒளியியலும் வரும். பயப்படாதீர்கள், பரீட்சைக்கு வராது.

எங்கள் ஊர் சாத்தூருக்குப் பக்கம். 2024 வைகாசியில் அக்காவுக்குப் பூ வைக்கும் விசேஷம் நடந்தது. அக்கா பத்தாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். அவள் போனதால்தான் நான் பாலிடெக்னிக்குக்கு வந்தேன். மாப்பிள்ளைக்குச் சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. நல்ல மனுஷர்.

வீட்டுக்குள் இடம் போதாது என்று தெருவில் சாமியானா போட்டிருந்தோம். நல்ல நேரம் பார்த்துப் பூ வைத்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. ரேடியோ செட்காரர் ஒரு எல்.இ.டி. ஃபோகஸ் லைட்டைக் கம்பில் கட்டி மேலே தூக்கிவிட்டார். போட்டோகிராபர் யாரையும் கூப்பிடவில்லை. அது கல்யாணச் செலவு, இப்போது எதற்கு என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் தம்பிதான் தன் செல்போனில் எடுத்துத் தள்ளினார்.

மறுநாள் காலையில் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. எல்லோரும் தங்கள் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் பெரியம்மா மட்டும் ஒரு படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கியிருக்கிறார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு வெளிச்சம், மங்கலாக, அந்தரத்தில் நிற்கிறது.

"பொண்ணு தோள்ல என்னமோ உக்காந்திருக்கு" என்றாராம்.

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் அந்த ஒரு வரி நாலு ஊர் சுற்றி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

இதை வேறு வீடாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் வீட்டில் கன்னி உண்டு. அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தார். 1988-ல் மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். அப்போது அவருக்குப் பதினேழு வயது. அப்பாவுக்குப் பத்து. கல்யாணம் ஆகாமல் போன பெண் என்பதால் எங்கள் வழக்கப்படி அத்தையைக் கன்னியாக வைத்துக் கும்பிடுகிறோம். அவருக்கு எடுத்த பாவாடை தாவணி ஓர் ஓலைப்பெட்டியில் வீட்டுக்குள் தொங்கும். வருஷத்துக்கு ஒருமுறை பொங்கல் வைத்துப் புதுத்துணி மாற்றுவோம். இது மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியும்.

"கல்யாணம் காணாமப் போன பிள்ளை, இந்தப் பிள்ளை கல்யாணத்தை மறிக்குது" என்று அங்கே பேச்சு. அங்குள்ள பெரியவர் அப்பாவுக்குப் போன் போட்டார். குறி கேட்டுவிட்டுப் பேசலாம், தேவைப்பட்டால் ஒரு வருஷம் தள்ளி வைக்கலாம் என்றார். அப்பா மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அந்த அட்வான்ஸும் வட்டிக்கு வாங்கியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போலச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ படிக்கிறேல்ல, இது என்னன்னு சொல்லு."

நண்பர்களே, செமஸ்டரில் எத்தனையோ கேள்வித்தாளைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு வியர்த்ததுபோல எதற்கும் வியர்த்ததில்லை. "அது லைட் ரிஃப்ளக்ஷன்பா" என்றேன். அப்பா போனை என் கையில் கொடுத்து, பெரியவரிடம் நீயே சொல் என்றார். சொன்னேன்.

"ரிஃப்ளக்ஷனா? சரி தம்பி. அப்ப மத்த போட்டோல ஏன் இல்ல?"

என்னிடம் பதில் இல்லை. போனை வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர்கள் அந்தப் புள்ளிக்குக் கன்னி என்று பெயர் வைத்தார்கள். நான் ரிஃப்ளக்ஷன் என்று பெயர் வைத்தேன். இரண்டு பேருமே விசாரிக்கவில்லை. படித்தவன் பெயரை இங்கிலீஷில் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்!

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் புரட்டினேன். பௌதிகம் எடுக்கும் சாரையும் விடவில்லை. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கும்போது நம் முகமும் மங்கலாகத் தெரியும் அல்லவா? ஒளி கண்ணாடிக்குள் நுழையும் பக்கத்திலும் வெளியேறும் பக்கத்திலும் நூற்றுக்கு 4 பங்கு திரும்பி வந்துவிடுகிறது. செல்போன் கேமராவில் இருப்பது ஒற்றை லென்ஸ் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மிளகு மாதிரி இருக்கும் அதற்குள் ஐந்து, ஆறு, ஏழு லென்ஸ்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆறு லென்ஸ் என்றால் 12 பரப்புகள். ஒவ்வொன்றிலும் 4 சதம் போனால் கடைசியில் சென்சாருக்குப் போய்ச் சேருவது சுமார் 61 சதம்தான். மீதி வெளிச்சம் திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி உள்ளேயே அலையும்.

இதைத் தடுக்க லென்ஸ் மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்று பூசுகிறார்கள். 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா என்ற விஞ்ஞானி இதற்கு வழி கண்டார். பூச்சின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் திருப்பி அனுப்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அழிந்துவிடும்படி அதன் கனத்தை வைக்கிறார்கள். இன்றைய நல்ல பூச்சில் திரும்புவது அரைச் சதத்துக்கும் குறைவு. ஆனால் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி அடக்க முடிவதில்லை. அடங்காமல் தப்பிக்கிற நிறம் பெரும்பாலும் பச்சையாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ தெரியும். புள்ளி ஏன் பச்சை என்ற கேள்விக்கு இதுவே பதில்.

அரைச் சதம் என்பது சின்னக் கணக்குத்தானே என்று கேட்கலாம். ஒளி ஒரு பரப்பில் திரும்பி, இன்னொரு பரப்பில் மறுபடி திரும்பித்தான் சென்சாருக்கு வர முடியும். அரைச் சதத்தில் அரைச் சதம் என்றால் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு. பகலில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் இருட்டுத் தெருவில் ஃபோகஸ் லைட் எப்படி இருக்கிறது? சுற்றியுள்ள இருட்டைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசமாக இருக்கிறது. அதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குகூட இருட்டுக்கு முன்னால் விளக்குத்தான். 12 பரப்புகளில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 66 ஜோடி வருகிறது. ஒளி வழிதவற 66 வழி! போதாததற்கு சென்சாரும், அதன் மேலுள்ள வடிகட்டிக் கண்ணாடியும், வெளிமூடியும் தங்கள் பங்குக்கு ஒளியைத் திருப்பி அனுப்பும்.

இதில் நமக்கு வேண்டியது சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளி. விளக்கின் பிம்பம் சென்சாரில் ஓர் இடத்தில் விழுகிறது. அங்கிருந்து கொஞ்சம் ஒளி மேலே துள்ளி, கண்ணாடியில் முட்டி, மறுபடி கீழே வருகிறது. வரும்போது தலைகீழாக, நடுப்புள்ளிக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் விழுகிறது. ஆக, விளக்கு படத்தின் இடது மேல் மூலையில் இருந்தால் புள்ளி வலது கீழ் மூலையில் இருக்கும். விளக்கிலிருந்து நடுப்புள்ளி எவ்வளவு தூரமோ, நடுப்புள்ளியிலிருந்து பச்சைப் புள்ளியும் ஏறக்குறைய அவ்வளவே தூரம்.

பார்த்தீர்களா, பேய்க்கு விலாசம் கிடைத்துவிட்டது!

ஹாஸ்டல் வராந்தாவில் எரியும் பல்பைப் பார்த்துச் செல்போனைப் பிடித்தேன். திரையில் பச்சைப் புள்ளி வந்தது. போனை மெல்லத் திருப்பினால் பல்பு ஒரு பக்கம் நகர, புள்ளி எதிர்ப்பக்கம் ஓடியது. பல்பை நடுவுக்குக் கொண்டுவந்தால் இரண்டும் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. கையை நீட்டிப் பல்பை மட்டும் மறைத்தேன். புள்ளி செத்தது. கையை எடுத்தேன். உயிர்த்தது. பக்கத்து அறை நண்பர்கள், இவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்று ராத்திரி வராந்தா முழுக்க ஆளுக்கொரு பேய்.

சந்தோஷமாக அக்காவின் படத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாகக் கலர் பிரிண்ட் எடுத்தேன். மூலைக்கு மூலை கோடு போட்டு நடுப்புள்ளி கண்டேன். ஃபோகஸ் லைட்டிலிருந்து நடுப்புள்ளி வழியாக ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்தேன். அதே தூரம் அளந்தேன். பென்சில் போய் நின்ற இடம் யாரோ ஒருவரின் வேட்டி. பச்சைப் புள்ளி அங்கிருந்து நாலு விரற்கடை தள்ளி, அக்கா தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

மறுபடி அளந்தேன். அதே வேட்டி.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. வராந்தா பல்பில் எல்லாம் சரியாக வந்த கணக்கு, எங்கள் வீட்டுப் படத்தில் மட்டும் வரவில்லை. அப்படியானால்...? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்று வெளிச்சமானதும் பேயாகத் தெரிந்தது. பாதி ராத்திரியில் அந்தப் பிரிண்டைத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு புத்தகத்தையும் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் அதை எங்கள் துறை சாரிடம் கொண்டுபோனேன். சிரிப்பாரோ என்று பயம். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அளந்தது சரி. மூலைக்கு மூலை கோடு போட்டா நடு வரும், அதுவும் சரி. எதுக்கு நடு? பேப்பருக்கு நடுவா, லென்ஸுக்கு நடுவா?"

எனக்குப் புரியவில்லை.

"இது முழுப் படமாடா? யாராச்சும் ஓரத்தை வெட்டியிருந்தா?"

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. வெட்டிய படத்தின் நடு லென்ஸின் நடு ஆகாது. வெட்டாத மூலப்படம் வேண்டும். அது மாப்பிள்ளையின் தம்பி போனில் இருக்கிறது. இருக்கிற நிலைமையில் அந்த வீட்டில் யார் போய்க் கேட்பது?

அக்காதான் கேட்டாள். அக்காவும் மச்சானும் போனில் பேசிக்கொள்வது எங்களுக்குத் தெரியாது என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்! நான் விஷயத்தைச் சொன்னதும், "எத்தனை போட்டோ வேணும்?" என்று மட்டும் கேட்டாள். மச்சானும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவருக்கு ஒரிஜினல் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. தம்பி போனிலிருந்த 63 படங்களையும் டாக்குமென்டாக அனுப்பிவிட்டார். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி வரும்.

லேபில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். மூலப்படத்தில் இடது பக்கம் தண்ணீர் டிரம்மும் அடுக்கி வைத்த நாற்காலிகளும் இருந்தன. கீழே எச்சில் டம்ளர்கள் கிடந்தன. நன்றாக இல்லை என்று யாரோ அந்த இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டுத்தான் ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில் செய்த காரியம்தான்.

படம் அகலத்தில் 4000 புள்ளி, உயரத்தில் 3000 புள்ளி. நடு 2000, 1500. பெயின்டில் திறந்து ஃபோகஸ் லைட் மேல் அம்பை வைத்தேன். கீழே எண் வந்தது: இடமிருந்து 1100, மேலிருந்து 450. அப்படியானால் புள்ளி இருக்க வேண்டிய இடம் 4000-ல் 1100 போக 2900, 3000-ல் 450 போக 2550. பச்சைப் புள்ளி மேல் அம்பைக் கொண்டுபோனேன். 2885, 2540.

நாலாயிரத்தில் பதினைந்து வித்தியாசம். சார் என் முதுகில் ஒன்று வைத்தார். அந்த அடி இன்னும் இனிக்கிறது.

ஆனால் பெரியவரின் கேள்வி பாக்கி இருந்தது. மத்த போட்டோல ஏன் இல்ல? 63 படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஃபோகஸ் லைட் சட்டத்துக்குள் விழுந்த படங்கள் ஒன்பது. ஒன்பதிலும் லைட்டுக்கு எதிர்ப்பக்கத்தைத் தேடினேன். ஒன்பதிலும் பச்சைப் புள்ளி இருந்தது! ஒன்றில் பிளாஸ்டிக் நாற்காலியின் காலில். ஒன்றில் தேங்காய் பழத் தட்டில். ஒன்றில் ஜமக்காளத்தில். ஒன்றில் தெரு நாயின் முதுகில். ஒன்றில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் சித்தப்பாவின் வழுக்கைத் தலை நடுவில்!

நாற்காலிக் காலில் இருந்தபோது யாரும் பார்க்கவில்லை. நாய் மேல் இருந்தபோது யாரும் குறி கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணின் தோளுக்கு வந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. ஏனென்றால் அந்த இடத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது. புள்ளியைக் கேமரா போட்டது, கதையை நாம் போட்டோம். இந்த ஒன்றைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவும் எழுதுகிறேன்.

அப்பா, சித்தப்பா, நான் மூவரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். ஒளியியல் பேசக்கூடாது என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். "பெரியத்தை, நீங்களே போனைப் பிடிங்க" என்று அந்தப் பெரியம்மாவின் கையில் கேமராவைக் கொடுத்தேன். அவர்கள் வீட்டு முற்றத்துப் பல்பைக் காட்டினேன். திரையில் பச்சைப் புள்ளி வந்தது. அவர் கை நடுங்கியது, புள்ளியும் நடுங்கியது. "மெல்லத் திருப்புங்க." திருப்பினார். புள்ளி ஓடிப்போய் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்தது. இன்னும் திருப்பினார். பெரியவரின் துண்டு மேல் உட்கார்ந்தது. "இப்ப பல்ப மட்டும் கையால மறைங்க." மறைத்தார். போய்விட்டது.

பிறகு ஒன்பது படங்களையும் காட்டினேன். சித்தப்பாவின் தலை வந்தபோது முதலில் சிரித்தது பெரியவர்தான். அடுத்து சித்தப்பா.

"அப்ப கல்யாணத்த தள்ள வேண்டாம்கிறீக" என்றார் பெரியம்மா. அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று பெரியம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போடச் சொன்னார். போட்டோம். ஒரு எலுமிச்சம்பழத்துக்காகச் சண்டை போடுகிற அளவுக்கு நான் பெரிய விஞ்ஞானி ஆகிவிடவில்லை. 2024 ஆவணியில், குறித்த தேதியில், கல்யாணம் நடந்தது.

இதற்குப் பிறகு ஹாஸ்டலில் எனக்குப் "பேய் டாக்டர்" என்று பெயர். யார் போனில் என்ன விநோத வெளிச்சம் வந்தாலும் என்னிடம் வரும். வந்தவற்றில் சில உங்களுக்கும் உதவும்.

பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வட்ட வட்டமாக வெள்ளை உருண்டைகள் மிதக்கின்றனவா? காற்றில் பறக்கும் தூசி, மழைத்துளி, சின்னப் பூச்சி இவைதான். செல்போனில் பிளாஷும் லென்ஸும் ஒட்டி இருப்பதால், லென்ஸுக்கு மிக அருகில் பறக்கும் தூசி பளிச்சென்று ஒளி வாங்கித் திருப்பித் தருகிறது. அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாததால் துளி வட்டமாக ஊதித் தெரிகிறது. பிளாஷை நிறுத்திவிட்டு எடுங்கள், ஆவிகள் எல்லாம் போய்விடும்.

விளக்கிலிருந்து நீளமாக ஒளிக்கோடு இழுக்கிறதா? லென்ஸ் மேல் உங்கள் விரல் எண்ணெய். துடைத்த திசைக்குக் குறுக்காகக் கோடு விழும். வேறு திசையில் துடைத்துப் பாருங்கள், கோடும் திரும்பும். சுத்தமாகத் துடைத்தால் கோடே இருக்காது. பெரிய கேமராவில் விளக்கு நட்சத்திரமாக விரிவது வேறு காரணத்தால். உள்ளே ஒளியை அளந்து விடும் தகடுகளின் ஓரத்தில் ஒளி வளைவதால் அது வருகிறது. ஆறு தகடு என்றால் ஆறு முனை, ஏழு தகடு என்றால் பதினாலு முனை. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022 ஜூலையிலிருந்து அனுப்பும் படங்களில் நட்சத்திரங்களுக்கு ஆறு பெரிய முனையும் இரண்டு சின்ன முனையும் இருக்கும். அறுகோணக் கண்ணாடிகளும் தாங்கு கால்களும் போட்ட கோலம் அது. ஹப்பிள் படங்களில் நாலு முனைதான். முனையை எண்ணியே எந்தத் தொலைநோக்கி எடுத்தது என்று சொல்லிவிடலாம்!

டியூப்லைட் அறையில் வீடியோ எடுத்தால் கருப்புப் பட்டைகள் ஏறி இறங்குகின்றனவா? இது நம் பாடம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தரம் மின்னி மங்குகிறது. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. விளக்கு மங்கும் நேரத்தில் படித்த வரிகள் கருப்பாகின்றன. ஷட்டரை நொடியில் நூறில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்குக்கு வைத்தால் பட்டை போய்விடும்.

டி.வி. ரிமோட்டின் முனை செல்போனில் கத்தரிப்பூ நிறத்தில் மினுக்குகிறதா? கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை சென்சார் பார்க்கிறது. பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். ரிமோட் வேலை செய்கிறதா என்று சோதிக்க இது காசில்லாத வழி.

எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: விளக்கு எங்கே? இரண்டாவது கேள்வி: இது வெட்டாத படமா? இந்த இரண்டையும் கேட்காமல் எதற்கும் பெயர் வைக்காதீர்கள். கன்னி என்றும் வேண்டாம், ரிஃப்ளக்ஷன் என்றும் வேண்டாம்.

இங்கே முடித்திருந்தால் கட்டுரை அழகாக முடிந்திருக்கும். ஆனால் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

ஊரெல்லாம் பயந்த அந்த நாட்களில் எங்கள் வீட்டில் பயப்படாத ஒரே ஆள் அப்பத்தா. "எம் மக வந்திருக்காடா. அண்ணன் தம்பி வீட்டு விசேஷத்துக்கு வராம எங்க போவா" என்று தினமும் விளக்கேற்றி ஓலைப்பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாங்கள் திரும்பி வந்து, எல்லாம் சரியாகிவிட்டது, அது வெறும் லைட்டு வெளிச்சம்தான் என்று அப்பா சத்தமாகச் சொன்னபோது, வீடே சிரித்தது. அப்பத்தா மட்டும் என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டது:

"அப்ப அவ வரலையாய்யா?"

மத்த போட்டோல ஏன் இல்ல என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவன் நான். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் அம்மா சொல்லித்தான் தெரியும். அத்தைக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்தக் காலத்தில் போட்டோ என்றால் சாத்தூருக்குப் போய் ஸ்டுடியோவில் எடுக்க வேண்டும். அடுத்த வருஷம் எடுத்துக்கலாம், அடுத்த வருஷம் எடுத்துக்கலாம் என்றே போயிருக்கிறது. பதினேழு வயசுப் பெண்ணின் முகம் இன்று அப்பத்தா ஒருத்தி மனசில்தான் இருக்கிறது. அப்பாவுக்கே சரியாக ஞாபகம் இல்லை. முப்பத்தாறு வருஷம் கழித்து முதல் முதலாக மகள் ஒரு படத்தில் விழுந்தாள் என்று நம்பிக்கொண்டிருந்த கிழவியிடம் போய், 2885, 2540 என்று நான் சொல்லியிருக்கிறேன்.

நான் அளந்தது தப்பில்லை. அளக்காவிட்டால் அக்கா கல்யாணம் நின்றிருக்கும். ஆனால் ஒரே கணக்கு ஒரு வீட்டில் ஒருத்திக்கு வாழ்வு கொடுத்து, இன்னொருத்தியிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டது. இப்படியும் நடக்கும் என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்பத்தா என்னைக் கூப்பிட்டது. "அந்தப் படத்த அழிச்சிராதய்யா" என்றது. வெட்டாத முழுப் படத்தையே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர் டிரம், எச்சில் டம்ளர், ஃபோகஸ் லைட், அக்கா, பச்சைப் புள்ளி எல்லாம் அதில் இருக்கின்றன. ஓலைப்பெட்டிக்குள் பாவாடை தாவணிக்கு மேலே அதை வைத்திருக்கிறது. விளக்கேற்றும்போது எடுத்துப் பார்க்கும். எந்த இடத்தைப் பார்க்கிறது என்று நான் கேட்டதில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் படம் எடுக்காத முகம் ஒன்று இருக்கும். இந்த விடுமுறைக்குப் போகும்போது போனை எடுத்து, லென்ஸைத் துடைத்து, வெளிச்சத்தை உங்கள் முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, அந்த முகத்தை ஒரு படம் எடுத்துவிடுங்கள். அடுத்த வருஷம் என்று விடாதீர்கள்.